காற்றைப் பிடித்துக் கடல்மேல் எழுந்து நிற்க...

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் பயணம் செய்திருக்கும் வாசகர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் கண்ணாடித் தகடுகளைப் பரப்பி வைத்தாற்போல் விரிந்து கிடக்கும் உப்பளப் பாத்திகளைக் கண்டிருப்பீர்கள். வரப்புகளின் மேல் வெண்குன்றுகளாக உப்புக் குவியல்கள் நிற்கும். அவற்றைக் கண்டு வியந்து செல்வோர் பலர். அந்த உப்பை விளைவிப்பது எது என்று கேட்டால், வெயில் என்று உடனே சொல்லிவிடுவோம். வெயில் பாதிதான், மறு பாதி காற்று. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கே உப்பு இருக்கிறது. அந்த நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றிச் சுருங்கினால்தான் பாத்தியின் அடியில் உப்பு படியத் தொடங்கும். வெயில் நீரை ஆவியாக்க, அந்த ஆவியை அங்கேயே தேங்கவிடாமல் அள்ளிக்கொண்டு போவது கடற்காற்று. காற்று நின்றுவிட்ட நாளில் உப்பளத் தொழிலாளியின் முகமும் வாடிவிடும்.

அந்தக் காற்றைப் பற்றியும், அதைப் பிடித்துக்கொண்டு கடல்நீரின் மேல் எழுந்து நிற்க விரும்பும் இளைஞர்களைப் பற்றியுமே இக்கட்டுரை பேச விழைகிறது.

கீழ்த்திசைக் காற்றைக் கொண்டல் என்றும், மேல்திசைக் காற்றைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பெயரிட்டு வழங்கியவர்கள் தமிழர்கள். அந்தப் பெயர்களைப் பாட்டில் வைத்தவர்கள் புலவர்கள். அவற்றை நம்பிப் பாய் விரித்தவர்கள் கடலோடிகள். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நாகூர், நாகப்பட்டினத்திலிருந்தும், மஹ்மூது பந்தர் என்று பெயர் பெற்றிருந்த பரங்கிப்பேட்டையிலிருந்தும் நம் மரக்காயர்களின் கப்பல்கள் அச்சைக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் போனதும் வந்ததும் இந்தக் காற்றுகளின் தவணையை அனுசரித்தே. பாட்டனார் பாயைக் கப்பலில் கட்டினார். பேரன் அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பாட்டனாருக்கு இருந்த பொறுமை பேரனுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பட்டம் இழுக்கும் பலகை

ஆங்கிலத்தில் கைட் சர்ஃபிங் என்று வழங்கும் இவ்விளையாட்டு, பார்ப்பதற்கு மிக எளியது. ஆகாயத்தில் பிறை வடிவில் ஒரு பெரிய பட்டம். அதிலிருந்து இருபது மீட்டருக்கும் மேலான நீளத்தில் நான்கு கயிறுகள் இறங்கி வந்து ஒரு கோலில் முடிகின்றன. 'பார்' எனப்படும் அந்தக் கோல், 'ஹார்னெஸ்' எனப்படும் இடுப்புக் கச்சையின் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கிறது. கால்களின் கீழே ஒரு பலகை. பட்டம் இழுக்கிறது, பலகை நீரைக் கீறிக்கொண்டு பாய்கிறது. நின்றிருப்பவர் உல்லாசமாக வலமும் இடமும் போய் வருகிறார். கரையில் நின்று காணும் எவருக்கும், 'இதென்ன பெரிய வித்தை!' என்றே தோன்றும்.

காற்றை வண்டிக்குப் பூட்டும் ஆசை புதியதன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியரான ஜார்ஜ் போகாக் என்பவர், குதிரைகளுக்குப் பதிலாகப் பட்டங்களைக் கட்டி இழுக்கச் செய்த வண்டிக்கு 1826ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நீரில் இது கைகூடாமல் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பட்டம் தண்ணீரில் விழுந்தால் மூழ்கும், மறுபடி எழாது. பிரான்ஸ் தேசத்துப் பிரிட்டனிக் கரையைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகெனூ என்ற சகோதரர்கள், காற்று ஊதி நிரப்பிய குழாய்களை எலும்புக்கூடாகக் கொண்ட பட்டத்தை 1984இல் பதிவு செய்தார்கள். அது நீரில் விழுந்தாலும் மிதக்கும். கயிற்றைச் சரியாக இழுத்தால் மீண்டும் வானேறும். அந்தச் சகோதரர்களின் பட்டம் விற்பனைக்குப் பரவலாக வந்தது 1990களின் பிற்பகுதியில்தான். 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் துறைமுகக் கடலில், பட்டப் பலகைப் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது.

இவ்விளையாட்டுக்கு உடன்பிறப்பு போன்றது, பலகையிலேயே பாய்மரம் நட்டு ஓட்டும் விண்ட் சர்ஃபிங். சீனாவின் ஹாங்சோ நகர் நடத்திய ஆசிய விளையாட்டுகளில், 2023 செப்டம்பரில், அப்போட்டியில் நம் நாட்டிற்கு வெண்கலப் பதக்கம் பெற்றுத் தந்த இளைஞரின் பெயர் இபாத் அலி. கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்திலிருந்து சென்றவர் அவர்! ஏரியில் காற்றைக் கற்றவர் கடலில் பதக்கம் வாங்குகிறார். கடலோரத்தில் பிறந்த நாம் கரையில் நின்று கடலை கொறித்துக்கொண்டிருக்கிறோம்.

மறுக்கவும் வேண்டாம், உடனே சம்மதிக்கவும் வேண்டாம்

தங்கள் மகன் ஒருநாள் வந்து, 'வாப்பா, நான் இதைக் கற்கப் போகிறேன்' என்று நிற்கக்கூடும். இக்காலத்தில் மகளும் கேட்கக்கூடும். உம்மாவின் முகம் வெளுக்கும். 'கடலாவது, பட்டமாவது' என்று பேச்சு முடிந்துவிடும். அச்சத்தில் நியாயம் உண்டு. இவ்விளையாட்டில் உலகெங்கும் உயிர்கள் போயிருக்கின்றன. ஆயினும் காரணம் அறியாத மறுப்பு, பிள்ளையைத் திருட்டுத்தனமாகக் கடலுக்கு அனுப்பும். காரணம் அறிந்த கேள்விகளோ, அவனைத் தகுந்த பயிற்றுநரிடம் கொண்டு சேர்க்கும். எனவே ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்வது நலம்.

ஆபத்து பெரும்பாலும் ஆழத்திலிருந்து வருவதில்லை. காற்றின் திசையிலிருந்து வருகிறது.

மரக்காணத்துக் கரையையே எடுத்துக்கொள்வோம். அங்கே கிழக்கே கடல், மேற்கே நிலம். கோடைக் காலத்தில் காலை நேரத்தில் மேற்கிலிருந்து நிலக்காற்று வரும். பகல் ஏற ஏற நிலம் சுடும். கடல் அவ்வளவு விரைவில் சுடாது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று கரையேறும். சித்திரை, வைகாசியில் லுஹர் பாங்கை ஒட்டி மெல்லத் தொடங்கும் இக்காற்று, அஸர் வேளையில் வலுத்து, மஃரிபுக்குப் பின் தளரும். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக இருக்கும் நாள்களில் கடற்காற்று காலந்தாழ்ந்து வரும். சில நாள்களில் வராமலும் போகும். மார்கழிக்குப் பின் மாசி வரை வாடையும் கொண்டலும் கலந்த வடகிழக்குக் காற்று, கரைக்குச் சாய்வாக வீசும்.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மேல்காற்றில் ஒருவன் பட்டத்தை ஏற்றினால், கரையோரத்து நீர் தட்டையாக, சாதுவாக, அழைப்பது போலவே இருக்கும். ஒரு கயிறு அறுந்தால், அல்லது பட்டம் விழுந்து எழாவிட்டால், அவனை அக்காற்று வங்கக் கடலின் நடுவை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே நிலக்காற்றில், மீட்புப் படகு அருகில் இல்லாமல், பட்டம் ஏற்றவே கூடாது. இதில் சமரசம் இல்லை. நேர் எதிராகக் கடலிலிருந்து கரைக்குச் செங்குத்தாக வீசும் காற்றும் தொடக்கக்காரர்க்கு உகந்ததன்று. அது அலை உடையும் இடத்திலேயே அவரைப் புரட்டி, மணலிலோ பாறையிலோ மோதும். கரைக்குச் சாய்வாக வீசி, தவறினால் மெல்லக் கரை சேர்க்கும் காற்றே கற்பதற்குரிய காற்று. தங்கள் பிள்ளை எவரிடம் பயிலச் சென்றாலும், 'இன்று காற்று எத்திசை?' என்று அந்தப் பயிற்றுநரைக் கேளுங்கள். அவர் வானத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தால், பிள்ளையைத் திரும்ப அழைத்து வந்துவிடுங்கள்.

திசைக்கு அடுத்தது வேகம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை இரு மடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகிறது. மணிக்கு 10 கடல்மைல் காற்றில் சோம்பலாகத் தொங்கும் பட்டம், 20 கடல்மைலில் ஆளையே தூக்கும். 12 முதல் 18 வரை, சீராக வீசும் காற்று தொடக்கக்காரர்க்குப் போதும். வானத்தில் கரிய மேகம் திரண்டு வரும்போது அதன் முன்னே ஓடிவரும் திடீர்க் காற்று இவ்விளையாட்டின் பெரும் பகைவன். மேகம் கண்ட மாத்திரத்தில் பட்டம் இறங்கிவிட வேண்டும்.

எங்கே கற்பது?

மரக்காணத்துக் கரையில் நின்று காற்றைப் படிக்கலாம். முதல் பாடத்தை அங்கே கடலில் இறங்கிக் கற்க நான் பரிந்துரைக்க மாட்டேன். சோழமண்டலக் கரையில் மணல் சட்டென்று சரிந்து ஆழமாகிறது. அலை கரையிலேயே அறைந்து உடைகிறது. மீனவர்களின் படகுகளும் வலைகளும் அந்தக் கடலில் எப்போதும் உண்டு. ஒருவர் பிழைப்புக்கு விரித்த வலையில் மற்றொருவர் விளையாட்டின் கயிறு சிக்குவது முறையுமன்று. பக்கத்திலேயே அலையில்லாத கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறதே என்றால், அது 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். தூர தேசங்களிலிருந்து வந்து இறங்கும் பறவைக் கூட்டத்தின் தலைக்கு மேல், பருந்தைப் போல் ஒரு பெரிய பட்டத்தைப் பறக்கவிடுவதை நினைத்தும் பார்க்கலாகாது.

(மரக்காணம் செல்வோர் சற்று வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளையும் பார்த்து வரலாம். ஆர்க்காட்டு நவாபுகள் காலத்துக் கோட்டை. 1750இல் முஸஃபர் ஜங் அதைப் பிரெஞ்சுக்காரர் டூப்ளேக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சிதைத்தனர். பாய்மரக் கப்பல்கள் நின்ற துறை அது. இன்று செங்கற் சுவர்களுக்கிடையே காற்று மட்டும் குடியிருக்கிறது.)

பயில்வதற்குரிய நீர் நம் மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ள பிரப்பன்வலசையிலும், தூத்துக்குடியிலும் பட்டப் பலகைப் பயிற்சி நடைபெற்று வந்திருக்கிறது. இராமேசுவரம் பகுதியின் அமைப்பைப் பாருங்கள்: வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, இரண்டிற்கும் நடுவே ஒடுங்கிய நிலம். தென்மேற்குக் காற்றின் காலத்தில் தென்கரை, வடகிழக்குக் காற்றின் காலத்தில் வடகரை என்று கரையை மாற்றிக்கொள்ளலாம். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. தொடக்கக்காரர்க்கு இடுப்பளவு நீரைப் போல் பெரிய பாக்கியம் வேறில்லை. விழுந்தால் எழுந்து நின்றுகொள்ளலாமே! பெண்களில், இக்கடலில் பயின்று இந்தியப் பட்டப் பலகை வீராங்கனையாக அறியப்பட்டவர் காத்யா சைனி.

இலங்கையில் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டி, உலகெங்கிலுமிருந்து பட்டக்காரர்கள் வந்து கூடும் இடம். தமிழ் பேசும் முஸ்லிம்கள் தொன்றுதொட்டு வாழும் ஊர் அது. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று அங்குள்ள களப்பின் மேல் சீராக வீசும். களப்பு நீர் தட்டையானது; அலை இல்லை. மீன்பிடிக் குடும்பத்து இளைஞர் பலர் இன்று அங்கே பட்டம் ஏற்றித் தருவோராகவும் பயிற்றுநராகவும் பணிபுரிகின்றனர்.

பயிற்றுநர்க்குச் சான்று வழங்கும் ஐ.கே.ஓ. என்ற பன்னாட்டு அமைப்பு 2001இல் தோன்றியது. அத்தகைய சான்று பெற்றவரா, மீட்புப் படகு உண்டா, தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் தருவார்களா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுங்கள். நீச்சல் அறியாதவனை அனுப்பவே வேண்டாம், முதலில் நீச்சல். செலவு குறைவன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கிக் கற்க வேண்டிய கலையுமன்று இது.

மகளிர் குறித்து ஒரு சொல். இவ்விளையாட்டில் உடல் மறைத்த உடையே வசதியானது. வெயிலுக்கும் உப்புக்கும் சொறிமீனுக்கும் அஞ்சி, ஆண்களே கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய நீச்சலுடை அணிகிறார்கள். அதன்மேல் சற்றுத் தளர்ந்த மேற்சட்டையும், தலையைக் கவ்விய நீச்சல் முக்காடும், அதன்மேல் கவசமும் அணிவதில் தடை ஏதுமில்லை. காற்றில் பறக்கும் துப்பட்டாவும் தொங்கும் நாடாவும் மட்டும் ஆகா. கயிற்றில் சிக்கினால் உயிருக்கே கேடு. பெண் பயிற்றுநர் உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது சிறந்தது. நோன்பு நாள்களில் இருபாலரும் இதைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. உப்புநீரும் வெயிலும் உடலின் ஈரத்தை அவ்வளவு விரைவில் உறிஞ்சிவிடும்.

பலகைக்கு முன் பல மணி நேரம்

பெரும்பாலான பள்ளிகள் தொடக்கப் பாடத்தைச் சுமார் 9 முதல் 12 மணி நேரமாக வகுத்திருக்கின்றன. அதில் முதற்பகுதி முழுவதும் பலகையே கண்ணில் படாது. இளைஞர்களுக்கு இது சலிப்பூட்டும். ஆனால் பட்டத்தைப் பார்க்காமலே பட்டத்தை ஓட்டப் பழகாதவன் பலகையில் எழ முடியாது.

காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். தங்கள் முன்னே ஒரு பெரிய கடிகாரத்தின் முகம் நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். தலைக்கு நேர் மேலே 12. இடக்கை பக்கம் 9. வலக்கை பக்கம் 3. இந்த ஓரங்களில் பட்டம் நிற்கும்போது இழுப்பு குறைவு. அந்த ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு அது பாயும்போதுதான் முழு விசையும் பிறக்கிறது. ஆகவே பட்டத்தைக் கரையில் ஏற்றுவது எப்போதும் ஓரத்திலிருந்துதான். நேர் முன்னே வைத்து ஏற்றியவர்கள் மணலில் இழுபட்டு எலும்பு முறிந்திருக்கிறார்கள்.

கோலை இடக்கையால் இழுத்தால் பட்டம் இடம் திரும்பும். வலக்கையால் இழுத்தால் வலம். கோல் முழுவதையும் மார்பை நோக்கி இழுத்தால் விசை கூடும், தள்ளினால் குறையும், விட்டுவிட்டால் பட்டம் தன் வலிமையை இழக்கும். இங்கேதான் மனித இயல்பு பகையாகிறது. அஞ்சியவன் கைக்கு எட்டியதை இறுகப் பற்றுவான். பட்டம் மிரட்டும்போது கோலை இறுகப் பற்றினால் மிரட்டல் இரட்டிப்பாகும். 'விடு' என்று பயிற்றுநர் கத்தக் கத்த, மாணவன் இன்னும் இறுகப் பற்றிக்கொண்டு நீர்மேல் பறந்து போவது எல்லாப் பள்ளிகளிலும் அன்றாடக் காட்சி. முதலில் கோலை விடுதல். அதிலும் அடங்காவிடில் கொக்கியிலுள்ள அவசரப் பொறியைத் தள்ளி விடுவித்தல். பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கியும் இழுத்தால் அந்தக் கடைசிக் கயிற்றையும் விடுவித்தல் - இம்மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு கை தானே செய்யும் வரை பழக வேண்டும். பட்டம் போனால் போகட்டும்.

அடுத்து, பலகையின்றி உடலையே பட்டம் இழுக்க நீரில் சறுக்குதல். ஒரு கையை நீருக்குள் நீட்டிச் சுக்கானாக வைத்துக்கொண்டு, காற்றுக்குச் சற்று எதிர்ப்புறமாகவும் போகக் கற்க வேண்டும். இது எதற்கு? விழும்போது பலகை காலை விட்டு நழுவிக் காற்றின் மேல்பக்கத்தில் மிதந்துகொண்டிருக்கும். பட்டமோ தங்களைக் கீழ்ப்பக்கம் இழுக்கும். நீந்திப் பிடிக்க இயலாது. இவ்வாறு சறுக்கித்தான் மீட்க வேண்டும். பலகையைக் கயிற்றால் காலில் கட்டிக்கொண்டால் என்ன என்று புத்திசாலிகள் கேட்பார்கள். கட்டிய பலகை நீரில் தடைபட்டுக் கயிறு விறைத்து, கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல் தலையை நோக்கி வரும்.

எழுந்து நிற்றல்

இனி, எல்லாரும் காத்திருக்கும் கட்டம். நீரில் அமருங்கள். ஆம், அமர வேண்டும். நாற்காலியில் அமர்வது போலன்று, தரையில் குந்தி அமர்வது போல். முதுகு காற்றுக்கு. பட்டம் 12இல், தலைக்கு மேல் அமைதியாக நிற்கிறது. அதை ஒரு கையால் காத்துக்கொண்டு, மறு கையால் பலகையை முன்னே கொணர்ந்து, கால்களை அதன் வார்களில் நுழையுங்கள். நூறு முறை சொன்னாலும் தொடக்கக்காரர் இங்கே பலகையைப் பார்ப்பார். பட்டம் சாய்ந்து விழும். கால்கள் நுழைந்தபின் முழங்கால்களை மார்போடு ஒட்டுங்கள். குதிகால்கள் பிட்டத்துக்கு அருகில். பலகையின் விளிம்பு மட்டும் நீருக்கு வெளியே தெரியும். தொடக்கக்காரர்க்குப் பெரிய பலகையே எளிது. சிறிய பலகையின் அழகில் மயங்க வேண்டாம்.

வலப்பக்கம் போவதாகக் கொள்வோம். பட்டத்தை முதலில் சற்று இடப்பக்கம், 11 வரை கொண்டுபோங்கள். பிறகு வலக்கையைத் தீர்மானமாக இழுத்து, 12ஐக் கடந்து 1, 2 என்று பாயவிடுங்கள். பின்வாங்கி ஓடிவந்து தாண்டுவது போல, பட்டத்துக்கு ஓட இடம் கொடுக்கவே இந்த முன்னசைவு. விசை இடுப்பில் வந்து பற்றும். அப்போது பலகையின் வலமுனையைப் பட்டம் போகும் திசையை நோக்கித் திருப்பிவிடுங்கள்.

அதன் பின் எழ வேண்டியவர் தாங்கள் அல்லர். தங்களை எழுப்ப வேண்டியது பட்டம்.

நம் வீடுகளில் பாயில் அமர்ந்திருக்கும் முதியவரைக் கைகொடுத்து எழுப்பியிருக்கிறீர்கள் அல்லவா? அவர் என்ன செய்கிறார்? கால்களை மடித்துத் தம் உடலுக்குக் கீழே வைத்துக்கொள்கிறார். தாங்கள் இழுக்கும் வரை காத்திருக்கிறார். இழுப்பு வந்ததும் அதன்மேல் உடலைக் கொடுத்து எழுகிறார். இழுப்பு வருமுன் அவராகவே முனைந்தால் பின்னால் சாய்வார். கால்களை நீட்டி விறைத்திருந்தால், எவ்வளவு இழுத்தாலும் பாயோடு சறுக்கி வருவாரேயன்றி எழமாட்டார். பலகையில் எழும் வித்தை முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

தொடக்கக்காரர் விழும் விதங்களைக் கரையில் நின்று எண்ணினால், அவை சிலவே என்பது தெரியவரும். அவசரக்காரர் பட்டம் பாயுமுன் எழ முயன்று, முதுகு நீரில் அடிக்க விழுவார். அச்சமுடையவர் பட்டத்தை அரைமனதாக அசைப்பார், உடல் பாதி எழும், மீண்டும் அமிழும். முன்காலை விறைப்பாக ஊன்றுகிறவரின் பலகை சட்டென்று காற்றுக்கு எதிரே திரும்பி நின்றுவிடும். பின்காலை மடித்து அதன்மேல் எடையை வைத்து, முன்காலை மட்டும் மெல்ல நீட்ட வேண்டும். இன்னும் சிலர், 'எழுந்துவிட்டோமா?' என்று பலகையைக் குனிந்து பார்ப்பார்கள். தலை குனிந்த இடத்திற்கு உடலும் போகும். பார்வை போகும் திசையில், கண்ணுக்கெட்டிய தொலைவில் இருக்கட்டும். இனி, அளவுக்கு மீறிய ஊக்கமுடையவர்: அவர் பட்டத்தை முழு வேகத்தில் நடுவுக்கு இறக்கிவிட்டுப் பலகையைத் தாண்டி முன்னே குப்புற விழுந்து, மூக்கு வழியே வங்கக் கடலைக் குடிப்பார்.

இவற்றையெல்லாம் கடந்து எழுந்தவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. அதுவே எல்லாவற்றிலும் பரவலானது. எழுந்த மகிழ்ச்சியில் பட்டத்தை மறந்துவிடுவது! ஒரு பாய்ச்சல் எழுப்பும். அது மூன்று விநாடி தாங்கும். பட்டம் ஓரத்தில் போய் நின்றதும் இழுப்பு குறையும். பலகை வேகமிழந்து அமிழும். கிணற்றில் ஒரு வாளி இறைத்துவிட்டால் தோட்டம் நனைந்துவிடாது. பட்டத்தை மேலே ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி, அலை போன்ற ஒரு கோட்டை வானில் வரைந்துகொண்டே இருந்தால்தான் பலகை ஓடும். வேகம் பிடித்து, பலகை நீரின்மேல் மிதந்து சலசலக்கத் தொடங்கிய பின்னரே பட்டத்தை ஓர் இடத்தில் நிறுத்தலாம். அப்போது குதிகாலால் பலகையின் பின்விளிம்பை அழுத்தி, இடுப்பை உயர்த்தி, தோளைப் பின்னே சாய்த்துக் கச்சையில் தொங்குங்கள். இழுப்பைக் கை சுமக்கக் கூடாது. இடுப்பு சுமக்க வேண்டும். மாலையில் தோள் வலிக்கிறது என்று சொல்லும் மாணவன் அன்று கோலில் தொங்கியிருக்கிறான் என்று அறியலாம்.

உடல் வலிமை உடையவர்கள் விரைவில் எழுவார்கள் என்று நினைப்பது தவறு. பலசாலிகள் பட்டத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். காற்றோடு மல்லுக்கு நின்று வென்றவர் இல்லை. இழுப்பை உணர்ந்து விட்டுக்கொடுக்கும் இயல்புடையவர்கள், அதனாலேயே சிறுமியரும் நடுத்தர வயதினரும்கூட, முந்திக்கொள்வதுண்டு. களைப்பு வந்தபின் கற்பது வீண். எழ வேண்டும் என்ற வீம்பில் கடைசி அரைமணி நேரம் விழுந்து விழுந்து எழுவோர், அதற்கு முன் கற்றதையும் மறக்கிறார்கள். குடிநீர் பருகி, நிழலில் அமர்ந்து, மறுநாள் வருவதே நலம்.

முதல் நாள் எழுந்து நின்றவர் பத்து மீட்டர் ஓடினாலும் ஐம்பது மீட்டர் ஓடினாலும், அவர் போகும் திசை காற்றுக்குக் கீழ்ப்புறமாகவே இருக்கும். காற்றுக்கு மேற்புறம் ஏறி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவது பின்னால் கைவரும் பாடம். அதற்கு இன்னும் பல நாள்கள் ஆகும். அது வரை, ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் பட்டத்தைத் தலைக்கு மேல் நிறுத்தி, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்கால் அளவு நீரில் காற்றை எதிர்த்து நடந்தே புறப்பட்ட இடத்திற்குத் திரும்ப வேண்டும். உடன் செல்லும் பெற்றோர் ஒரு குடம் நன்னீரைக் கரையில் வைத்திருங்கள். கண்ணையும் முகத்தையும் கழுவவும், அவசரப் பொறியில் புகுந்த மணலையும் உப்பையும் போக்கவும் அது உதவும். உப்பு இறுகிய பொறி தேவையான நேரத்தில் திறக்காது.